பழைய வானொலி: நினைவில் நிற்பது பாட்டா, வீடா?

4 ஜூன், காலை

"பழைய வானொலிக்காக உருகுகிறவர்கள் உண்மையில் உருகுவது தங்கள் இளமைக்காகத்தான். அந்த நிகழ்ச்சிகளை இன்று முழுதாகப் போட்டுக் காட்டினால் பத்து நிமிடம் உட்கார மாட்டார்கள். தொலைக்காட்சிக்காக யாரும் இப்படி உருகுவதில்லையே, அது ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. வானொலி கேட்டு வளர்ந்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்று தொடங்குவார்கள். அடுத்த வாக்கியத்தில் செய்தி காணாமல் போயிருக்கும், அம்மா வந்திருப்பார். காலை 7.15 டெல்லிச் செய்தி என்றால் சாதம் வடிக்கிற நேரம், அப்பா முகம் மழிக்கிற நேரம், தலை பின்னி முடியாமல் தங்கை அழுகிற நேரம். அன்றைக்கு என்ன செய்தி வாசித்தார்கள் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. வானொலி நம்மிடம் காதை மட்டும்தான் கேட்டது. கை அதன்பாட்டுக்கு வேலை பார்த்தது. கண் சும்மா இருந்தது. சும்மா இருந்த கண் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால்தான் ஒரு பழைய பாட்டின் முதல் இரண்டு அடி காதில் விழுந்ததும் பாடியவரோ நடித்தவரோ நம் முன்னே வருவதில்லை. அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் வருகிறார்.

எங்களுக்குத் தாமிரபரணிக் கரையில் ஊர். வீட்டுப் பெண்கள் எல்லோரும் பீடி சுற்றினார்கள். முந்தின இரவு நனைத்து ஈரச்சாக்கில் பொதிந்த இலையைக் காலையில் எடுத்து, தகரத் தகட்டை வைத்துக் கத்தரியால் அளவாக நறுக்குவார்கள். மடியில் சுளகு, அதாவது முறம். சுளகில் ஒரு பக்கம் நறுக்கிய இலை, ஒரு பக்கம் தூள். இலையை இடது உள்ளங்கையில் பரப்பி, தூளை நீளவாக்கில் தூவி, இரு கைப் பெருவிரல்களால் உருட்டி, நுனியைச் சின்னக் கம்பியால் மடக்கி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பார்கள். இவ்வளவும் ஒரு பாட்டின் பல்லவிக்குள் பலமுறை நடந்துவிடும். அத்தையின் விரல்கள் சரணத்தில் வேகம் எடுக்கும், இடையிசையில் தளரும். அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலங்கை வானொலியின் "பொங்கும் பூம்புனல்" என்றால் இன்றைக்கும் எனக்குப் பீடித்தூள் வாசம்தான் அடிக்கிறது.

4 ஜூன், இரவு

தொலைக்காட்சி பற்றி ஒரு வரி விட்டுவிட்டேன். ஞாயிறு மாலைப் படத்துக்குத் தெருவே எங்கள் பட்டாசலில், அதாவது வீட்டு முன்கூடத்தில், கூடியிருந்தது. யார் யார் வந்தார்கள் என்று என்னால் பெயர் சொல்ல முடியும். அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

6 ஜூன்

"சென்னை நிலையம் கொரகொரவென்று இருக்க, கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலி மட்டும் பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் எப்படிக் கேட்டது?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நிறையப் பேர் இதை ஏதோ மாயம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு ஏறக்குறைய அதில் பாதி. அந்தப் பாதியிலும் பெரும்பகுதி மன்னார் வளைகுடா. மத்திய அலை (மீடியம் வேவ்) தரையை ஒட்டிப் போகும்போது காய்ந்த மண் அதை உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலின் மேல் அலை வெகுதூரம் வலுக்குறையாமல் போகும். அதனால்தான் திருச்செந்தூர், கீழக்கரை, இராமேஸ்வரம் பக்கமெல்லாம் பட்டப்பகலிலேயே கொழும்பு கணீரென்று கேட்டது. பொழுது சாய்ந்ததும் இன்னொன்று நடக்கும். பகலில் அலையை விழுங்குகிற, வளிமண்டலத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு சூரியன் போனதும் கலைந்துவிடும். அலை மேலே போய்ப் பட்டுத் திரும்பி வரும். உள்மாவட்டக்காரர்களுக்கு இரவில் மட்டும் கொழும்பு எட்டியது அப்படித்தான். அதற்கும் எட்டாத ஊர்களுக்குச் சிற்றலை (ஷார்ட் வேவ்) இருந்தது.

அந்த ஒலிபரப்பு வலிமைக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் இருந்த நேசநாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நடத்தினார்கள். அதற்காக ஏக்கலையில் நிறுத்திய ஒலிபரப்பி போர் முடிந்த பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தப் பக்கம் 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஓரங்கட்டினார். சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்டு ஜனங்களின் ரசனை உயர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜனங்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி பிறந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். அதற்குள் எங்கள் பக்கத்து வீடுகளில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் குடியேறிவிட்டது.

ஒரு திருத்தம். தமிழ்நாட்டில் வானொலி 1938இல் சென்னை நிலையத்தோடு தொடங்கியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 என்பது சரி. ஆனால் 1924இலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டி மெட்ராஸில் ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பியிருக்கிறார். பணமுடையால் 1927இல் அது நின்றுபோனது. கருவியை மாநகராட்சி வாங்கி 1930 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது.

7 ஜூன்

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எழுதியதை எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். "நீங்கள் எல்லோரும் இலங்கை வானொலி உங்களுக்காகவே பாட்டுப் போட்டதுபோல் எழுதுகிறீர்கள். அது முதலில் எங்கள் வானொலி. எங்கள் நாடகம், எங்கள் பேச்சு, எங்கள் மரண அறிவித்தல், எல்லாம் அதில்தான் வந்தன" என்கிறார்.

முழுக்க நியாயம். நாங்கள் பாட்டை எடுத்துக்கொண்டோம்; அவர்களுக்கு அதில் ஒரு வாழ்க்கையே ஓடிக்கொண்டிருந்தது. சானா என்ற சண்முகநாதனின் "லண்டன் கந்தையா", சில்லையூர் செல்வராசனின் "தணியாத தாகம்", மரிக்கார் ராமதாஸின் "கோமாளிகளின் கும்மாளம்" எல்லாம் அங்கே வீட்டுக்கு வீடு பேசப்பட்ட நாடகங்கள். கடைசியாகச் சொன்னது அவ்வளவு பிரபலமாகி 1976இல் "கோமாளிகள்" என்ற படமாகவே வந்தது. ராஜேஸ்வரி சண்முகத்தை நாங்கள் பாட்டுக்கு முன்னால் வருகிற இனிய குரலாக மட்டும் அறிவோம். அங்கே அவர் நாடக நடிகை.

ஆனாலும் ஒன்று சொல்வேன். எங்கள் ஆச்சிக்குக் கடல் தாண்டிய ஊர்கள் அறிமுகமானது அந்த வானொலியால்தான். பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் வருகிற ஊர்ப் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்வார்: சாவகச்சேரி, மானிப்பாய், மட்டக்களப்பு, பண்டாரவளை. பிறந்தநாள் வாழ்த்தில் அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா, சித்தப்பா, மாமா, மாமி என்று ஒரு குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். ஆச்சி கையை நிறுத்தாமல் "நல்லா இருக்கட்டும்" என்பார். யார் என்றே தெரியாத ஒரு பிள்ளைக்கு. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்த செய்தி வந்தபோது ஆச்சி அப்பாவிடம் கேட்டது, "அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கே போயிருக்கும்?" அப்பாவிடம் பதில் இல்லை.

9 ஜூன், காலை

முதல் குறிப்பில் நான் எழுதியது எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. அதனால் அதன் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். "வீடே சேர்ந்து கேட்டது" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். முள்ளைத் திருப்புகிற உரிமை யார் கையில் இருந்தது?

எங்கள் வீட்டு வால்வு ரேடியோ தாத்தா வாங்கியது. பட்டாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை அடித்து, குழந்தைகள் கை எட்டாமல் வைத்திருந்தார். பூ வேலை செய்த துணி உறை. மொட்டைமாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஏரியல் கம்பி. அதற்கு உரிமம் வேறு. வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கி வர வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த உரிமம் ஒழிந்தது. உரிமம் தாத்தா பெயரில், அவருக்குப் பின் அப்பா பெயரில். அப்பா வீட்டில் இருக்கிற நேரம் திருநெல்வேலி நிலையம்தான். செய்தி, விவசாய நிகழ்ச்சி, கச்சேரி. கச்சேரியைக் குறை சொல்லவில்லை. எனக்கு ராகம் பிடிபட்டதே அதனால்தான். ஆனால் பகல் முழுக்க சுளகோடு உட்கார்ந்திருந்த பெண்களை யாரும் எது வேண்டும் என்று கேட்டதில்லை.

அப்பா வேலைக்குக் கிளம்பி சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அம்மா முக்காலியைப் போட்டு ஏறுவார். வால்வு சூடாக ஒரு நிமிடம் பிடிக்கும். முதலில் மெல்லிய உறுமல், பிறகு நிலையம் சரியாகச் சிக்கியதைக் காட்டுகிற விளக்கான பச்சைக் கண் கொஞ்சம் கொஞ்சமாக விழிக்கும், பிறகுதான் சத்தம். முள் நகர்கிற கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் கொழும்பு கிடைக்கிற இடத்தில் கண்ணாடியின் மேல் நெற்றிக்கு இடுகிற சாந்தால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தார். முள்ளைப் புள்ளிக்குக் கொண்டுபோவார். பச்சைக் கண்ணின் இரண்டு இமையும் சேருகிற இடத்தில் கையை எடுப்பார். சாயங்காலம் அப்பா வருவதற்குள் முள் மறுபடி திருநெல்வேலிக்குப் போயிருக்கும். பல வருடம் இப்படி நடந்தது.

அப்பாவுக்குத் தெரியும். கண்ணாடியில் இருந்த புள்ளி அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. வாரம் ஒருமுறை உறையை நீக்கித் துடைப்பவர் அவர்தான். துடைக்கும்போது அந்தப் புள்ளியை மட்டும் விட்டுத் துடைத்திருக்கிறார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. "நீ வேண்டியதைப் போட்டுக்கொள்" என்று சொல்லவும் இல்லை. இதை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை. அன்பு என்று சொன்னால் அம்மாவின் முக்காலி உறுத்துகிறது. அதிகாரம் என்று சொன்னால் அந்தத் துணி புள்ளியைச் சுற்றிப் போனது உறுத்துகிறது.

9 ஜூன், மதியம்

புள்ளி வைத்தது குங்குமத்தாலா என்று கேட்டவர்களுக்கு: இல்லை, சாந்துதான். குங்குமம் கண்ணாடியில் ஒட்டாது.

12 ஜூன்

நேற்று ஒருவர் எழுதியிருந்த நாலு வரி இரவெல்லாம் மனத்தை விட்டுப் போகவில்லை. "உங்கள் எல்லோர் வீட்டிலும் ரேடியோ இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. நாங்கள் பெரிய வீட்டு வாசலுக்கு வெளியே தெருவில் நின்று கேட்டோம். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. எனக்குப் பழைய பாட்டு கேட்டால் அந்தத் திண்ணையின் விளிம்பு நினைவுக்கு வருகிறது."

இது நான் சொன்னதை மறுக்கவில்லை. இன்னும் கடுமையாக மெய்ப்பிக்கிறது. அவரது கண்ணும் சும்மாதான் இருந்தது. அது பார்த்தது திண்ணையின் விளிம்பை. வானொலி நினைவு என்றாலே இனிப்பு என்று வைத்துக்கொண்டு நாம் எழுதுவது சரியில்லை. அந்தக் காலத்து வீட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்பதும் அதே பாட்டில்தான் பதிந்திருக்கிறது.

ரேடியோ வாங்க வழியில்லாதவர்களுக்கு ஊர் ரேடியோ இருந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்தையோ பூங்காவையோ ஒட்டிச் சின்ன அறை, உச்சியில் ஒலிபெருக்கி, அதற்கு ஒரு பொறுப்பாளர். சாயங்காலம் குறிப்பிட்ட நேரத்துக்குத் திறந்து செய்தியும் கிராம நிகழ்ச்சியும் போடுவார். பல ஊர்களில் அந்த அறை இன்றும் பூட்டியபடி நிற்கிறது. அங்கே யாரும் யாரையும் உள்ளே வா, வெளியே நில் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் அந்தக் கூம்பின் கீழே உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டவர்களில் ஒருவர் பின்னாளில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்துல் ஜப்பாரின் தமிழில்தான் தனக்கு ஆட்டமே புரிந்தது என்பார்.

13 ஜூன்

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். விவசாய நிகழ்ச்சிகளை யாரும் உட்கார்ந்து கேட்டதே இல்லை என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, தஞ்சாவூர்ப் பக்கம் பெரியவர்கள் யாரையாவது "ரேடியோ நெல்" என்றால் என்ன என்று கேளுங்கள். அறுபதுகளின் நடுவில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. விதை வாங்க வந்த விவசாயிகள் எண்ணைச் சொல்லவில்லை. ரேடியோ நெல் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தென்கச்சி சுவாமிநாதனும் வயற்காட்டு மனிதர்தான். விவசாயம் படித்தவர்; திருநெல்வேலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சியில் இருந்துவிட்டுத்தான் சென்னைக்குப் போய் "இன்று ஒரு தகவல்" சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுகிற குரல். கதை முடிகிற இடத்தில் வருகிற சிரிப்புக்காக எங்கள் பெரியப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வாசலிலேயே நிற்பார். சிரித்து முடித்துவிட்டுத்தான் வயலுக்கு நடப்பார். 2009இல் தென்கச்சி இறந்த செய்தி வந்த அன்று பெரியப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

17 ஜூன்

இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் பழைய ஒலிப்பதிவு ஒன்றை ஒருவர் அனுப்பியிருக்கிறார். அவர் பேசுகிற வேகத்தை இன்று கேட்டாலும் மூச்சு முட்டுகிறது. ஒரு சொல்கூடச் சிதையவில்லை. 1994இல் கொழும்பில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அதையும் சேர்த்தே கேட்கிறேன்; தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை.

நான் எழுத வந்தது வேறு. அந்தப் பதிவை ஹெட்போன் போட்டு மறுபடி கேளுங்கள். அறிவிப்பாளருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. காகம் கத்துகிறது. பாத்திரம் விழுகிறது. ஒரு பெரியவர் இருமுகிறார். யாரோ ஒரு குழந்தையை "உஷ்" என்று அடக்குகிறார்கள். அந்தக் காலத்தில் பாட்டைப் பதிய விரும்பியவர்கள் டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் வைத்து, எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். வாயை மூடினாலும் வீடு சும்மா இருக்குமா?

இதைக் கேட்டபிறகு எனக்குள் ஒன்று சுருக்கென்றது. அறிவிப்பாளர்களின் குரல் இணையமெங்கும் கிடைக்கிறது. என் அத்தையின் குரல் எங்கே கிடைக்கும்? புகைப்படம் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை இருக்கிறது, கையெழுத்துகூட இருக்கிறது. குரல் இல்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அண்ணன் பதிந்த கேசட்டுகள் மரப்பெட்டியில் கிடக்கின்றன. "எல்லாப் பாட்டும் இப்போது போனிலேயே வருகிறது, எதற்கு இந்தக் குப்பை" என்று போன பொங்கலுக்கே தூக்கிப் போடப் பார்த்தார்கள்.

20 ஜூன், பின்னிரவு

கிடைத்துவிட்டது.

அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இறக்கினோம். பாதி நாடாக்களில் பூஞ்சை. ஒன்று அறுந்துவிட்டது. ஒரு கேசட்டின் முதுகில் அண்ணனின் பள்ளிக்கூடக் கையெழுத்தில் "இ.வா. பாடல்கள்" என்று இருந்தது, இலங்கை வானொலிதான். போட்டோம். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டின் நடுவில், சரணம் தொடங்குகிற இடத்தில், தூரத்திலிருந்து, "கதவைச் சாத்து, பூனை இலைமேல் ஏறிவிடும்" என்று அத்தை.

அவ்வளவுதான். பாடகரின் குரல் மேலே ஓடுகிறது, அடியில் அத்தை. தொடர்ந்து கதவு கிரீச்சிடுகிறது. அந்தக் கதவை இடித்துப் புதுவீடு கட்டி எத்தனையோ வருடமாகிறது, ஆனால் சத்தம் கேட்டதும் அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் திரும்பினோம். கத்தரி இலையை நறுக்குகிற சத்தம் பாட்டு முழுக்க இருக்கிறது, சன்னமாக, விடாமல். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் அண்ணன் நிறுத்தியிருக்கிறான். நிறுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் அம்மாவின் குரல், "நல்ல பாட்டு" என்று.

அந்த வேளைக்கு முள் புள்ளியில்தான் இருந்திருக்கும். அப்பா ஊரில் இல்லை.

அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஹெட்போனை மாட்டிவிட்டோம். பாட்டை அடையாளம் கண்டு தலையை ஆட்டினார். அத்தை பேசிய இடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இவள் எப்போதும் பூனையைத்தான் திட்டுவாள்" என்று சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அண்ணன் ஒவ்வொரு முறையும் ரீவைண்ட் செய்துகொண்டே இருந்தான்.

"பத்து நிமிடம் உட்கார மாட்டார்கள்" என்று எழுதிய வாசகருக்கு: அம்மா அந்த ஒரு பாட்டோடு இரவுச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது இருக்கட்டும். நாம் திரும்பப் போய்க் கேட்பது நிகழ்ச்சியை அல்ல.

21 ஜூன்

நிறையப் பேர் பெட்டியை இறக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாமல் இதைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

எல்லாக் கேசட்டிலும் வீடு இருக்காது. கடையில் பதிவு செய்து வாங்கியதில் இருக்க வழியில்லை. வளைகுடாவிலிருந்து மாமாக்கள் கொண்டுவந்த டூ இன் ஒன் (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த கருவி), ரேடியோவிலிருந்து உள்ளுக்குள்ளேயே நேரடியாகப் பதிந்துவிடும். அதிலும் பாட்டு மட்டும்தான். தனி டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்கு எதிரே வைத்துப் பதிந்தவற்றைத் தேடுங்கள். பாட்டு கொஞ்சம் தூரமாக, எதிரொலியோடு கேட்டால் அதுதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட இடத்தையும், நாடாவின் கடைசிப் பகுதியையும் தவறாமல் கேளுங்கள். மிச்சமிருந்த நாடாவில் பிள்ளைகளைப் பேசவைத்துப் பதிகிற வழக்கம் பல வீடுகளில் இருந்தது.

வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள். நாடாவும் கெடும், கருவியின் தலையும் கெடும். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவானாலும் கேட்பதற்கு முன்னால் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல வருடம் இறுகிக் கிடந்த சுற்றுகள் அப்போதுதான் தளரும். நாடாவின் பின்னால் பஞ்சு ஒட்டிய சின்னத் தகடு ஒன்று இருக்கும், அது உதிர்ந்திருந்தால் சத்தம் சரியாக எழாது. நாடா அழிந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளிருப்பதை வேறு கூட்டுக்கு மாற்றினால் பாடும்.

கணினிக்கு மாற்றும்போது இரைச்சல் நீக்குகிற மென்பொருளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதற்குப் பாட்டு வேறு, வீடு வேறு என்று தெரியாது. கத்தரிச் சத்தத்தையும் இருமலையும்தான் முதலில் துடைத்துவிடும். மூலத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, வேண்டுமானால் இன்னொரு பிரதியில் விளையாடுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் தம்மிடம் இருப்பது 90 நிமிட நாடாக்கள் என்று எழுதியிருக்கிறார். 60 நிமிட நாடாவைவிட அது மெல்லியது, சட்டென்று இழுபடும். ஊர் விட்டு ஊர் பெயர்ந்த வீட்டில் அவை பிழைத்து வந்ததே பெரிய காரியம். நீங்களாகப் போட்டுப் பார்க்காதீர்கள், அண்ணா. ரப்பர் பட்டை புதிதாக மாற்றிய கருவி கிடைக்கும்வரை பொறுங்கள். முதல் ஓட்டத்திலேயே பதிவையும் எடுத்துவிடுங்கள்.